மழையில் அடித்த வார்னிஷ்

இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது, எங்கள் கட்டட வாசலில் வாட்ச்மேன் தன் சைக்கிள் மட்கார்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். செம்பூர் முழுக்க மழை கொட்டுகிறது. மனிதர் தலைக்கு மேல் இருந்த தகரத்தை நம்பி டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருக்கிறார். "மழையில் அடிக்காதே பாய், வெள்ளையாகப் பூத்துவிடும்" என்று இந்தியில் கத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி குலுக்க ஆரம்பித்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நகர மனம் வரவில்லை. உன் வீட்டுக்கு வெளியே, பழைய பேப்பர் விரித்த நடையில் எப்போதும் வீசும் வாடை அது. வழக்கமான ரயிலை விட்டுவிட்டேன். பரவாயில்லை, இதை உனக்கு எழுதவேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போனபிறகு நடந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. தெரிந்தால் முதலில் திட்டியிருப்பாய், பிறகு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நாம் பார்த்துக்கொண்ட முதல் நாள் நினைவிருக்கிறதா? செம்பூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹால். ஆளுக்கொரு மேசையில் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் படைவீரர்களை நிறுத்தி, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வாயில் இங்கிலீஷ், இல்லாவிட்டால் இந்தி. பக்கத்து மேசையில் ஒருவனுக்குப் பகடை சரியாக விழவில்லை. "எழவெடுத்த பகடை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். திரும்பிப் பார்த்தால் நீ.

"நீங்க எந்த ஊரு?" என்றேன்.

"இங்கதான், பம்பாய் லேபர் கேம்ப்."

"அது இல்லங்க, ஊருல எங்க?"

"அப்பாவுக்கு நாங்குநேரிப் பக்கம். எனக்கு லேபர் கேம்ப்தான்" என்றாய், கொஞ்சம் முறைப்பாகவே. அடுத்த வாரமே "ஏல" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் எனக்கு அப்படி ஒரு சிநேகிதன் கிடைப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

பகல் முழுக்கக் காட்கோபரில் உன் மொபைல் ரிப்பேர் கடை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பாய். வீட்டுக்கு வந்தால் அதே லென்ஸ், கையில் மட்டும் ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் பிரஷ். உன் மனைவி தேநீரை வைத்துவிட்டு என்னிடம் முறையிடுவாள்: "கடையில போனு, வீட்டுல பொம்மை. குனிஞ்ச தலை நிமிராத மாப்பிள்ளைன்னு எங்கம்மா பெருமையாச் சொன்னா அண்ணே. நெசமாவே நிமிர மாட்டேங்காக." நீ நிமிராமலேயே சிரிப்பாய். பிரஷ் நுனியைக் கூராக்க நாக்கில் வைத்துக்கொள்வாய். அதற்குத் தனியாக ஒரு வசை விழும்.

பெட்டியைப் பிரித்தால் பொம்மைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அட்டைப்படத்தில் மட்டும் எல்லா வீரனும் ரோஜாப்பூ நிறத்தில் பளபளப்பான். உனக்கு அது ஆகவே ஆகாது. "இவன் என்னல, வெயிலே படாதவன் மாதிரி இருக்கான். இவனா போய்ச் சண்டை போடப்போறான்?" என்பாய். டப்பாவில் வருகிற தோல் நிறத்தைத் தொடவே மாட்டாய். நீயே கலந்து ஒரு பழுப்பு எடுப்பாய், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றி. உன் படை மேசையில் வந்து நின்றால் தாதர் பிளாட்பாரத்தில் கூட்டம் நிற்கிற மாதிரி இருக்கும். எதிரில் நிற்கும் படைகள் எல்லாம் என் கண்ணுக்கு நோயாளிகளாகத்தான் தெரிந்தன.

முதல் வருஷம் நாம் செய்த கூத்தைச் சொல்லவேண்டும். பெயிண்ட் உரியாமல் இருக்கக் கடைசியில் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கவேண்டும் என்று தெரியும். பம்பாய் மழைக்காற்றில் அடிக்கக்கூடாது என்பது தெரியாது. அந்த ஈரத்தில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து, நம் முதல் படை மொத்தமும் மங்கிப்போயிற்று. நீ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் திருநீறு பூசிட்டியேல" என்றாய். இதற்கு வேறு வழியே இல்லை என்று நினைத்து, பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். அன்றிலிருந்து நமக்கு ஒரு விரதம். முதல் மழை விழுந்தால் ஸ்ப்ரே டப்பா பரணுக்குப் போய்விடும், தசரா முடிந்துதான் இறங்கும். மழைக்காலம் முழுக்கப் பெயிண்ட் மட்டும்.

உன் கடைசிப் படையும் அப்படித்தான் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஏற உன் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கவசத்தின் விளிம்பில் நீ இழுக்கும் கோடு நேராக நிற்கவில்லை. திருத்தவா என்று கேட்டேன். "விடுல. இவனுகளுக்கும் காய்ச்சல்னு நெனச்சுக்கோ" என்றாய். எல்லாவற்றையும் முடித்தாய். வார்னிஷ் மட்டும் பாக்கி. அதற்குள் மழை வந்துவிட்டது. மழை முடிவதற்குள் நீயும் போய்விட்டாய்.

அதன்பிறகு உன் படை இருந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை. ஒரு வருஷம் ஓடி, அடுத்த மழையும் வந்தது. ஹாலில் நம் ஆட்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை உன் படையை மேசையில் நிறுத்தி ஆடலாமா என்று கேட்டார்கள். தயங்கித் தயங்கித்தான் உன் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே சரி என்றாள். அந்தச் சந்தோஷத்தில் வார்னிஷ் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, கொஞ்சம் வாங்களேன். என்னமோ ஆயிட்டு." சயானில் ஆட்டோவை விட்டு இறங்கி, மழையில் பாதி நனைந்து, லேபர் கேம்ப் சந்துக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

தாம்பாளத்தில் உன் படை நின்றது. ஒருவனுக்கும் முகம் இல்லை. இட்லி மாவைத் தெளித்த மாதிரி எல்லாம் வெள்ளை.

"அவுக அடிக்கித மாதிரிதான் அண்ணே அடிச்சேன். நடையில பேப்பர் விரிச்சு, டப்பாவ நல்லாக் குலுக்கி, தள்ளி நின்னு. அத்தன தடவ பாத்திருக்கேன். கை படப்போவுது, பெயிண்ட் போயிரக் கூடாதேன்னுதான்." அவள் ஒன்றும் தவறவிடவில்லை. நீ எப்படி அடிப்பாய் என்று அவளுக்கு அத்துப்படி. எப்போது அடிக்கமாட்டாய் என்பதை நாம் அவளிடம் சொன்னதே இல்லை.

சுரண்டி எடுக்கலாம், மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் அது என் கைவேலையாக இருக்கும். நடுங்கி நடுங்கி நீ இழுத்த கோடுகளை நான் எங்கே போய்த் தேடுவேன்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வார்னிஷ் காயட்டும் என்று தலைக்கு எண்ணெய் தேய்க்கப் போனவள், பாதியில் எழுந்து வந்து பார்த்திருக்கிறாள். முடி ஒரு பக்கம் மட்டும் மினுங்கியது. கையைக்கூடக் கழுவவில்லை. அந்தக் கையாலேயே ஒரு வீரனை எடுத்து, கைப்பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அண்ணே, இங்க பாருங்க" என்றாள்.

விரல் பட்ட இடத்தில் சிவப்பு தெரிந்தது. உன் சிவப்பு. பக்கத்தில் அந்தப் பழுப்பு.

வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பெயிண்ட் எங்கேயும் போகவில்லை, மேலே பூத்த வெள்ளைதான் மறைத்திருக்கிறது. எண்ணெய் பட்டதும் அது கண்ணாடிபோல் ஆகிவிட்டது. "எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டா தாயி" என்றேன். உன் பிரஷ்களில் பெரியதை எடுத்தேன். நான் தேங்காயெண்ணெயை மெல்லத் தடவித் தடவிக் கொடுக்க, அவள் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்தாள். ஒவ்வொருவனாக முகம் வந்தது. கவசம் வந்தது. விளிம்பில் அந்தக் கோடு வந்தது, கோணல்மாணலாக, நீ விட்டுப்போன அதே நடுக்கத்தோடு. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், நானும்தான். முதல் படையையும் நாம் சுரண்டியிருக்க வேண்டாமே என்று நினைத்தபோது இன்னும் சிரிப்பு வந்தது. நம் அறிவு அவ்வளவுதான்.

மறுநாள் அவளும் ஹாலுக்கு வந்தாள். உன் படை மேசையில் மினுமினுவென்று நின்றது. எதிரே ஆடவந்தவன் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, "பாய், தேங்காயெண்ணெய் வாசம் எங்கிருந்து வருது?" என்று இந்தியில் கேட்டான். "புது வார்னிஷ்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டம் சூடு பிடித்தது. பகடை எனக்குச் சதி செய்தது. உன் வீரன் ஒருவன் விழுந்தான். எப்போதும்போல அவனை எடுத்து டப்பாவுக்குள் வைத்தேன்.

"ஏன் அண்ணே, அவன எங்க வைக்கீங்க?"

"அவன் செத்துட்டாம்மா. இனி ஆட்டத்துல கெடையாது. டப்பாவுல போட்டுருவோம்."

அவள் எழுந்து வந்தாள். டப்பாவுக்குள் கைவிட்டு அவனை வெளியே எடுத்தாள். "ஆட்டத்துல இல்லன்னா என்ன? அதுக்காவ உள்ள போட்டு மூடணுமா? இங்கன ஓரமா நிக்கட்டும். மத்தவுக ஆடுததப் பாக்கட்டும்." மேசை விளிம்பில், ஆட்டத்தைப் பார்த்த மாதிரி அவனை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

எதிரே நின்றவனுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் டப்பாவைத் திறந்து, அதுவரை விழுந்திருந்த தன் ஆட்களை எடுத்து, உன் வீரன் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினான்.

அன்று நாம் தோற்றோம், படுதோல்வி. ஆனால் உன்னை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு வருஷமாகத் திண்டாடியவனுக்கு, அன்று அது தெரிந்துவிட்டது. இப்போது எல்லா மேசையிலும் அதுதான் வழக்கம். ஆட்டம் முடியும்வரை நாங்கள் யாரையும் டப்பாவில் போடுவதில்லை.