பதினெட்டுக் கிலோ

ரொறன்ரோ
8.11.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

இப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வேட்டைச் சாமான் கடையொன்றில் வேலை செய்கிறேன். நேற்று ஒருவர் தன் பதினான்கு வயது மகளுக்கு வில் வாங்க வந்தார். மான் வேட்டைக்கான வில்லை இழுக்கக் குறைந்தது பதினெட்டுக் கிலோ பலம் வேண்டும் என்பது இங்கே சட்டம். குறைந்தால் மான் சாகாமல் காயத்தோடு துடிக்கும். அந்தப் பிள்ளையால் இழுக்க முடியவில்லை. “இன்னும் வளரட்டும்” என்று முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார்.

என்னை வேலைக்குக் காரில் ஏற்றிப் போகும் கோணேஸ்வரன் அண்ணையிடம் இதைச் சொன்னேன். “உது மானுக்காகப் போட்ட சட்டம், பிள்ளைக்காக இல்லை” என்றார்.

அவர் வாசலில் ஹோர்ன் அடிக்கிறார். தங்கச்சியைத் தடுப்பு முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள் என்று அறிந்தேன். அவளுக்குச் சட்டை அனுப்ப வேண்டும். கை நீளத்தை நூலால் அளந்து, நூலைக் கடிதத்தில் வையுங்கள். என்னிடம் இருப்பது இயக்கம் அவளைச் சண்டைக்குப் பிடித்துப்போக முந்தின அளவு, பதினான்கு வயதில் எடுத்தது.

மகன்
தயாபரன்