தராசில் வைத்த தாலி

மதினி,

நேற்று கோவில்பட்டியில் ஒரு நகைக்கடையில் மூக்குத்தியின் திருகை மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் சங்கிலியைக் கழற்றித் தராசில் போட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை வேர்த்து, நாக்கு ஒட்டிக்கொண்டது. "என்னம்மா, தண்ணி குடிக்கீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். நீங்களே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அன்று ஏர்போர்ட்டில் பிடித்த பயம் மட்டும் போகவில்லை.

மஸ்கட் தையல் கம்பெனியில் நாம் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் இறந்த செய்தி வந்தது. உங்களுக்குக் கணவர், எனக்குக் கூடப்பிறந்தவர். நம் இருவருக்குமே லீவு கிடைக்கவில்லை. நம் ஊர் புதூரில் அண்ணனை எடுத்துப்போன சத்தத்தைப் போனில்தான் கேட்டோம். "அவ வரட்டும், மத்த சடங்க அப்புறம் வச்சுக்கிடுவோம்" என்றாள் பெரியம்மா. அது எந்தச் சடங்கு என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லை. கழுத்தில் தாலியோடு நீங்கள் தைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஒருவழியாக ஊருக்குக் கிளம்பியபோது நகையெல்லாம் உங்கள் உடம்பில்தான் இருந்தது. கல்யாணத்து வளையல்கள், தாலிச்சங்கிலி, மகள் செல்விக்கென்று அங்கே வாங்கிய புதுச் சங்கிலி. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளையாளுக்கு நாப்பது கிராமுக்கு மேல போனா வரி கட்டணும்மா. பழைய நகைன்னா, போகும்போதே கஸ்டம்ஸ்ல காட்டி எழுதி வாங்கியிருக்கணும். வாங்குனீங்களா?"

நாம் எதையும் வாங்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. "பிடிச்சு வச்சுக்கிட்டாம்னா என்ன செய்ய மதினி? ஜாக்கெட்டுக்குள்ள ஒளிச்சிருவோமா?" என்று காதில் கேட்டேன்.

"சும்மா கெட ஏட்டி. எந் நகைய நான் எதுக்கு ஒளிக்கணும்?" என்றீர்கள். ஆனால் தாலியை முந்தானையோடு சேர்த்துப் பிடித்திருந்த உங்கள் கை, திருவனந்தபுரத்தில் இறங்கும்வரை விலகவே இல்லை.

அங்கே இரண்டு வழிகள் இருந்தன. காட்டுவதற்கு எதுவும் இல்லாதவர்கள் பச்சை வழியில் போகலாம். இருப்பவர்கள் சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும். கூட்டம் பச்சையில் போனது. நானும் உங்களை அந்தப் பக்கம் இழுத்தேன்.

"அதுல போயி, பின்னாலருந்து ஒருத்தன் கூப்பிட்டாம்னா எனக்கு உசுரு அங்கனயே போயிரும் ஏட்டி கொடி" என்று சொல்லிவிட்டு, சிவப்பு வழியில் நடந்தீர்கள்.

வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். தமிழ் தெரிந்தவர். எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொன்னார். வளையல்கள் தட்டுக்குப் போயின. புதுச் சங்கிலி போனது. பிறகு அவர் விரல் உங்கள் கழுத்தைக் காட்டியது.

"அதுவும்மா."

நீங்கள் அசையவில்லை.

"அவிய தவறிட்டாவ" என்றீர்கள். "ஊர்ல இதக் கழத்துததுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "எடை மட்டும் பார்க்கணும். நான் தொடமாட்டேன். நீங்களே வையுங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு, தலைவழியாக நீங்களே கழற்றினீர்கள். அண்ணன் கட்டியதிலிருந்து அது உங்கள் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. தட்டு உள்ளே போனது. இனி அது திரும்பி வராது என்றே நினைத்தேன். உங்கள் வெறுங்கழுத்தில் சங்கிலி கிடந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகை மதிப்பிடுகிறவர் லென்ஸோடு தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். தேய்ந்த கொக்கியையும், கண்ணிகளுக்குள் ஏறியிருந்த மஞ்சளையும் அதிகாரிக்குக் காட்டினார். வளையல்களும் தாலியும் போட்டுத் தேய்ந்த பழைய நகை, புதுச் சங்கிலி மட்டும்தான் கணக்கு, அதுவும் வரம்புக்குள் இருக்கிறது என்றார்கள். "அடுத்த தடவை போகும்போது காட்டி எழுதி வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார் அதிகாரி.

தாலியைப் பைக்குள் வைப்பீர்கள் என்று நினைத்தேன். அந்த மேசை முன்னாலேயே கழுத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

ரயில் மணியாச்சியைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பினீர்கள். "ஏட்டி, கஸ்டம்ஸ் முடிஞ்சுது. இனி வீட்டு வாசல்."

வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். பெரியம்மா கையில் வெள்ளைச் சேலை இருந்தது. நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெரியம்மா, ஏர்போர்ட்ல நானே கழத்துனேன். நானே மாட்டிக்கிட்டேன். இனிமே எங் கழுத்துல யாரும் கை வைக்கப்பிடாது."

யாராவது ஒருத்தி பாய்ந்து வந்து பிடித்து இழுத்துவிடுவாளோ என்று நான் உங்கள் பின்னால் ஒட்டி நின்றேன். பெரியம்மா சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பிறகுதான் நீங்கள் அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தீர்கள். தம்ளரைப் பிடிக்க முடியாமல் தண்ணீர் மடியில் கொட்டியது.

"பயமா இருக்கு கொடி."

"இன்னுமா மதினி?"

"இப்பத்தான் ஏட்டி."

செல்வி அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். "அத்தை, நகையெல்லாம் போட்டுட்டு வரப் பயமா இருக்கு" என்று போனில் சொன்னாள். ரசீதைக் கைப்பையில் வை, சிவப்பு வழியில் போ, வேறு யார் நகையையும் வாங்கிப் போட்டுக்கொண்டு வராதே என்று சொன்னேன். பயப்படாதே என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் இன்னும் பயப்படுகிறவள்தானே.

"பயத்தக் கொஞ்சம் பிந்தி வச்சுக்கிட முடியும் செல்வி. உங்க அம்மா அப்படித்தான் செஞ்சாவ" என்றேன். "வெளிய வந்து பயப்படு. அங்கன நான் நிப்பேன்."