கல்வெட்டின் கடைசிப் பக்கம்

என் நாலு தந்திச் சித்தப்பாவுக்கு,

ஞாயிறு, நீங்கள் போய் முப்பத்தோராம் நாள். மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் மண்டபம் எடுத்தாயிற்று. வருகிறவர்கள் கையில் கொடுக்க உங்கள் நினைவுப் புத்தகம், கல்வெட்டும் அச்சுக்குப் போகிறது. முன்னட்டையில் படம். உள்ளே தேவாரம். பிறகு உங்கள் வாழ்க்கை வரலாறு, உங்கள் அண்ணன், என் பெரியப்பா, எழுதியது.

"மொன்றியல் துறைமுகத்தில் நேர்மையாகப் பணியாற்றினார்." அவ்வளவுதான்.

பொய்யில்லை. இருபத்தாறு வருடம் அங்கே கொள்கலன்களோடு நின்றீர்கள். சனிக்கிழமைகளில் எங்கே நின்றீர்கள்?

பெரியப்பாவிடம் கேட்டேன். "பேஸ் கிற்றார் வாசிச்சதை ஏன் எழுதேல்லை?"

"அதெல்லாம் கல்வெட்டில போடுறதே பிள்ளை? எங்கட குடும்பத்தில ஆர் வாத்தியம் தூக்கினது?"

"சித்தப்பா தூக்கினவர்."

"ஓம், மற்றக் கிற்றாருக்கு ஆறு தந்தி, அதிலயும் ரெண்டு குறைவு. அவனுக்குத் தலைக்குள்ளயும் ரெண்டு குறைவுதான்."

செத்தவீட்டிலும் இதே பகிடி. சிரித்தார்கள். நீங்கள் இருந்தபோதும் சிரித்தார்கள். கூடவே நீங்களும் சிரித்தீர்கள். ஏன் சித்தப்பா?

அன்று பின்வரிசையில் வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவர் தனியே இருந்தார். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. நான் போனேன். பெயர் மார்லீன். கறுப்பினத்தவரின் சோல் இசை பாடுகிறவர். தன் இசைத்தட்டுகளில் பதினொரு பாட்டுக்கு பேஸ் வாசித்தது நீங்கள் என்றார். கூப்பிட்டால் வருவீர்களாம். பாட்டை ஒரு தரம் கேட்பீர்களாம். வாசித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவீர்களாம்.

இசைத்தட்டின் உறையில் உங்கள் பெயர் போடவா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றீர்களாம். வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று.

இதுதான் எனக்கு ஆறவில்லை. அவர்கள் மறைத்தது இருக்கட்டும். நீங்களுமா?

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டைக் கைபேசியில் போட்டேன். மார்லீனின் குரல் வந்தது. நீங்கள் வரவில்லை. அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால் உங்கள் தாழ்ந்த சத்தம் வெளியே வராது. ஹெட்போன் மாட்டினேன். அங்கே இருந்தீர்கள். மற்ற எல்லோரும் நிறுத்துகிற ஓரிடத்தில் நீங்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தீர்கள். நாலே தந்தி. ஒன்றும் குறையவில்லை.

கல்வெட்டின் கடைசிப் பக்கம் எனக்கு. "நீ படிச்சனி. ஆக்கள் அழுற மாதிரி ஒரு கடிதம் எழுது" என்றார் பெரியப்பா. எழுதிவிட்டேன். அவருக்குக் காட்டாமல் நேரே அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

மண்டபத்தில் இதை விரித்து வைத்திருப்பவர்களும் கேட்கட்டும்: என் சித்தப்பா சோல் இசைக்கு பேஸ் வாசித்தவர். பதினொரு பாட்டின் பெயரும் இதன் பின்னட்டையில் இருக்கிறது. பெரியப்பாவின் குடும்பத்தில் வாத்தியம் தூக்கியவர் இவர்தான்.

வேண்டாம் பிள்ளை, என்பீர்கள். இந்த முறை உங்கள் சொல்லையும் கேட்கமாட்டேன்.

ஞாயிறு மார்லீன் வருகிறார். முன்வரிசையில் இருப்பார். என் இடுப்பளவு உயரமான ஸ்பீக்கர் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். தேவாரம் முடிந்ததும், சோறு பரிமாறுமுன், பாட்டு. பெரியப்பா இருக்கிற கதிரை அதிரும். "நிப்பாட்டு" என்று எழும்புவார்.

சத்தத்தைக் கூட்டுவேன், சித்தப்பா. இது சத்தியம்.

வாத்தியம் தூக்கிய குடும்பத்திலிருந்து,
உங்கள் பெறாமகள்