டீ மரத்துக்கு ஆகாத சுண்ணாம்பு

என் உயிர் அக்கா மரகதம்,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். நீ கொண்டுவந்த டீ மரம் சாகக் கிடந்தது. அதைச் சாகடித்துக்கொண்டிருந்தது நம் அப்பா. வேண்டுமென்று இல்லை, பாசத்தில்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ வந்து இறங்கிய நாளிலிருந்தே சொல்கிறேன். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குக் குன்னூரிலிருந்து தாய்வீடு வருகிறாய். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் பெட்டியை வாங்க ஓடி வந்தேன். நீ பெட்டியை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாய். டின்னுக்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. ஊசி ஊசியாகச் சின்ன இலை.

"ஏன்க்கா, வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணா?"

"வாய மூடுடா. குன்னூருலேருந்து மடியில வச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒரு இலை ஒடிஞ்சுது, உன் காத ஒடிச்சுப்புடுவேன்."

மாமா தோட்டவேலை பார்க்கும் பங்களாவில் இதுதான் வேலியாம். வருஷம் முழுக்கப் பச்சை மாறாதாம். பூத்தால் கிளையே கண்ணுக்குத் தெரியாதாம். வீடு வந்து சேரும்வரை மாட்டுவண்டியில் இதே பேச்சு.

அம்மாவுக்குப் பெயர்தான் பிடித்தது. யுத்தம் வந்து காப்பிக்கொட்டை கடையில் கிடைக்காத சமயம். நீ தூங்கும்போது ஒரு பிடி இலையை உருவிக் கொதிக்கவைத்து, கருப்பட்டி போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரே வாய்தான் குடித்தாள்.

"ஏண்டி மரகதம், இது டீயா, இல்ல தலைவலித் தைலமா?"

"பேருதான் பெரியம்மா டீ மரம். டீத்தூளு வேற செடியில வருது. இது பூவுக்கு, பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கா? அப்படின்னா அதுக்குக் கண்ணால தண்ணி ஊத்து!"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கொல்லையில் குழி வெட்டி, டின்னிலிருந்த மலைமண் உதிராமல் நட்டாய். நீ இருக்கும்போதே ஒரு கொத்து பூத்தது. வெள்ளையில் லேசாக ரோஜா நிறம், நடுவில் பச்சைக் கிண்ணம் மாதிரி. அவ்வளவுதான் உனக்குப் பார்க்கக் கிடைத்தது. எட்டாம் மாதம் ஜன்னி கண்டது. பெரம்பலூர் டாக்டரைக் கூப்பிடப் போன ஆள் திரும்புவதற்குள் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாய். மாமா வந்தார், காரியம் முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், போனார். உன் பேர் சொல்ல எங்களுக்கு அந்தச் செடிதான் மிச்சம்.

இப்போது அப்பா கதைக்கு வருகிறேன். நம் வீட்டு வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் சுண்ணாம்புக் காளவாய் பிரித்ததும் வெந்த கல்லில் முதல் கூடையை அப்பா விற்கமாட்டார். அது வீட்டுப் பெண்ணுக்கு. நீ அதைத் தண்ணீர் ஊற்றி நீற்றி, சுவருக்கு அடித்து, மிச்சத்தை மாட்டுக்கொட்டாய்க்கும் தென்னை அடிமரத்துக்கும் பூசுவாய். நீ போன பிறகும் முதல் கூடை வீட்டுக்கு வந்தது. அப்பா அதை நேராகக் கொல்லைக்குக் கொண்டுபோனார். நீற்றினார். கரையான் ஏறக்கூடாது என்று உன் செடியின் தண்டுக்கு வெள்ளை பூசினார். வேரைச் சுற்றிக் கோலம் மாதிரி வட்டம் போட்டார். ஒவ்வொரு காளவாய்க்கும் ஒரு வட்டம். அது காயும்வரை பக்கத்தில் குந்தியிருப்பார்.

செடி கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு கொழுந்து மஞ்சளானது. கண் பட்டுவிட்டது என்று பெரியம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். மலைச்செடி கீழே நிற்காது என்று ஊரே சொன்னது. செடி வெளிறியதும் அப்பா வட்டத்தைத் தடிமனாக்கினார்.

நானா? பள்ளிக்கூடத்தை விட்டது உனக்குத் தெரியும். காளவாய்க்கும் போகமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு, ஜெயங்கொண்டம் போகிற கரி பஸ்ஸில் கிளீனராக இருக்கிறேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பு. நான் துருத்தி சுற்றினால்தான் வண்டி நகரும். மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். நீ இருந்தால் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காமல் உட்கார்ந்தே வந்திருப்பாய்.

ஒருநாள் வெந்நீர்க் கெண்டிக்குள் பார்த்தேன். நம் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே வெள்ளைப் பொருக்கு. அதே கையோடு கொல்லைக்குப் போய்ச் செடியைச் சுற்றி வந்தேன். கூரைத் தண்ணீர் சொட்டுகிற பக்கம் மட்டும் ரெண்டு கிளை பச்சையாக இருந்தது. மழை அந்தப் பக்கத்து வட்டத்தைக் கரைத்து ஓட்டியிருந்தது. வட்டம் கட்டியாக இருந்த பக்கமெல்லாம் மஞ்சள். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் வேண்டுமா? நம் மண்ணே சுண்ணாம்பு, தண்ணீரும் சுண்ணாம்பு. அதற்கு மேல் அப்பாவும் கூடை கூடையாகப் போடுகிறார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவருகிட்ட மூச்சு வுட்டுடாதடா."

"செடி போயிடும்மா."

"போனா போவட்டும். எனக்கு மனுஷன் வேணும். மவள இங்க வரவழச்சு நானே கொன்னுட்டேன்னு தூக்கத்துல பொலம்புறாரு. இதுல செடியையும் நீங்கதான் கொன்னீங்கன்னு சொல்லப் போறியா?"

அக்கா, ஹெட்மாஸ்டரையே முகத்துக்கு நேரே பேசிவிட்டு வந்தவன் நான். அன்றைக்குக் கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சொன்னால் அப்பா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அவர் கையாலேயே உன் செடி போகும். பிறகு ஒருநாள் அவருக்கே தெரிந்தால்? நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஐப்பசியில் காளவாய் பிரித்தார்கள். அப்பா முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். நான் செடிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நவுருடா."

"வேணாம்ப்பா. இதுக்குச் சுண்ணாம்பு ஆவாது."

"எவன் சொன்னான்?"

"செடியே சொல்லுது. இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க."

கூடையை இறக்கி வைத்தார். பச்சைக் கிளையைத் தொட்டார். மஞ்சள் கிளையைத் தொட்டார். சுண்ணாம்பில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப இதுவும் என் கைதானா?" என்றார். "மவ நல்ல டாக்டரு இருக்கிற ஊருல இருந்தா. தாய்வூட்டுலதான் பெக்கணும்னு வண்டி அனுப்புனது நான்."

"நீங்க வண்டி அனுப்பலன்னாலும் நடந்தாவது வந்திருப்பா. மாமா வேணாம்னாராம். நீங்க கூப்புடுறதுக்கு முன்னாடியே பொட்டி கட்டிட்டாளாம். வண்டியில வரும்போது அக்காவே சொன்னா."

நீ சொன்னாய் அல்லவா? "அப்பா கையால அரைக்கீரை பறிச்சுத் தரணும், அம்மா ஆக்கணும், நான் காலை நீட்டிக்கிட்டுத் திங்கணும்" என்று? அதையும் சொன்னேன். அப்பா கேட்டாரா, கேட்கவில்லையா, தெரியவில்லை. கூடையை அங்கேயே போட்டுவிட்டுத் தோளில் துண்டைப் போட்டபடி உள்ளே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடை கொல்லையில் கிடப்பது எனக்கு நினைவே இல்லை. வெந்த கல்லில் மழை விழுந்து சீறுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் அப்பா வெளியே ஓடிவிட்டார். கூடையிலிருந்து புகை. கல் வெடித்துப் பொங்கி, வெள்ளைத் தண்ணீர் செடியை நோக்கி ஓடுகிறது. அப்பா வெறுங்கையால் கூடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். "கை வெந்துடும், வுடுங்க!" என்று அம்மா கத்துகிறாள். வேலிப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து, காலாலேயே வரப்பு கட்டி அந்தத் தண்ணீரைத் திருப்பினார். அப்புறம் கூரைத் தாழ்வாரத்தில் குடத்தைப் பிடித்து, நிறைய நிறைய உன் செடிக்கு ஊற்றினார். நானும் ஒரு குடத்தோடு போய் நின்றேன்.

உள்ளங்கை ரெண்டும் கன்றிப்போயிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள்.

"ஏண்டி அழுவுற?" என்றார் அப்பா. "உன் மவளுக்குக் கிணத்துத் தண்ணி ஆவாதாம், மழைத்தண்ணிதான் வேணுமாம். குன்னூரு போனதும் ராஜாத்தியாயிட்டா."

நீ போன பிறகு அவர் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்து, வேர் அசையாமல் சுண்ணாம்பை விரலால் சுரண்டி எடுத்தோம். தண்டின் வெள்ளையை அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். ஜெயங்கொண்டம் முந்திரிக்காட்டுப் பக்கத்துச் செம்மண்ணைச் சாக்கில் கட்டி நான் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். டிரைவர் திட்டுகிறார், திட்டட்டும். ஒரு பக்கத்துக் கிளைகள் பட்டுப்போயின. மற்றவை துளிர்க்கின்றன, பச்சையாக. இன்னும் பூக்கவில்லை. பூக்குமா என்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் அப்பா தாமாகவே பேச்செடுத்தார்.

"வயித்துப் பிள்ளையோட போன பொண்ணுக்குச் சொமதாங்கிக் கல்லு வைக்கணும்னு ஊருல கேட்டப்ப எல்லாம் ஓடி ஒளிஞ்சேன். வச்சுடுவோம்டா. அவ சொமை எறங்கட்டும்."

வைத்துவிட்டோம் அக்கா. ஜெயங்கொண்டம் ரோட்டில் புளியமரத்துக்குக் கீழே ரெண்டு கல் நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிற பொம்பளைகள் குனியாமலே சுமையை அதில் வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறார்கள். நேற்று ஒருத்தி விறகுக்கட்டை இறக்கிவிட்டு, "எந்த மவராசியோ, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸுக்குப் பின்னால் துருத்தி சுற்றிக்கொண்டே கேட்டேன்.

கல்லுக்குச் சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளும். இனி முதல் கூடை அதற்குத்தான், அப்பா சொல்லிவிட்டார். நான் ஓடுகாலிதான், எங்கே போனாலும் காளவாய் பிரிக்கிற அன்றைக்கு வந்துவிடுவேன். கூடையை நானே சுமந்துபோய் உன் கல்லுக்கு வெள்ளை அடிப்பேன். திரும்பி வந்து, முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கொல்லைக்குள் கால் வைப்பேன்.

உன் வாயாடித் தம்பி,
சின்னராசு