கேப்டன் குடுக்காத உத்தரவு

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

உன் கப்பல் முழுகிடுச்சுன்னு தந்தி வந்து எட்டு மாசம் ஆச்சு. நேத்து உன் கம்பெனி ஆள் மறுபடியும் மெட்ராஸ்லேர்ந்து கார்ல கீழ்பென்னாத்தூருக்கு வந்தான். கையில ஒரு காகிதம். "ரேடியோ ஆபீசர் ஆபத்து அழைப்பைத் தாமதமாக அனுப்பினார், உதவி தாமதமானதற்கு அவரே காரணம். குடும்பத்தார் ஏற்கிறோம்." அதுல அப்பா கையெழுத்துப் போட்டா விசாரணை சட்டுனு முடிஞ்சிடுமாம். செத்தவன் தலையில கட்டிட்டா எல்லாருக்கும் சௌகரியம்தானே!

எனக்கு வந்த ஆத்திரத்துல, அவன் கையில குடுத்த காபியைப் புடுங்கிடலாமான்னு இருந்துச்சு. நீயா தாமதம் பண்ணுவே? சினிமாவுக்கே ஒரு மணி நேரம் முன்னாடி போய் நிக்கிறவனாச்சே!

கடைசி லீவுல, கப்பல் ரேடியோவுல குடுக்கற மூணு விதமான அழைப்பைப் பத்தி நீ எனக்குச் சொன்னது நெனப்பிருக்கா? "கிணத்துல ஆள் விழுந்துட்டா மேடே. ஆளுக்கு ஜுரம், அவசரம்தான், ஆனா உடனே உயிர் போயிடாதுன்னா பான் பான். கிணத்து மேடு வழுக்குது, பாத்து வாங்கன்னா செக்யூரிட்டே." அன்னிக்கே பால் பொங்குனதுக்கு நான் வேணும்னே மேடேன்னு கத்துனேன். நீ நிஜமாவே கோவிச்சுக்கிட்டே. "விளையாட்டுக்குக்கூட சொல்லாத. கேப்டன் உத்தரவு இல்லாம நானே அதைச் சொல்ல முடியாது"ன்னே. ரெண்டு நாள் பேசலியே, பாவி.

போன மாசம் உன் கப்பல் சமையல்காரர் கடலூர்லேர்ந்து என்னைத் தேடி வந்தார். திருவண்ணாமலையில நான் டைப்பிங் சொல்லிக் குடுக்கற இடத்துக்கே வந்துட்டார். உக்காருங்கன்னா உக்காரல.

"இஞ்சின் ரூமுக்குள்ள தண்ணி வந்துடுச்சும்மா. மேடே குடுக்கட்டுமான்னு உங்க அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டாரு. கம்பெனிக்குக் கெட்ட பேரு, பான் பான் போதும்னுட்டாரு கேப்டன். கப்பல் சாயவும் உங்க அண்ணன் யாரையும் கேக்காம அவரே மேடே குடுத்துட்டாரு. அதைக் கேட்டுத்தான் இன்னொரு கப்பல் திரும்பி வந்து எங்களை ஏத்திக்கிச்சு. நாங்க இருக்கற எடத்தை அவங்களுக்குச் சொல்லிக்கிட்டே அவரு உள்ளயே இருந்துட்டாருமா."

ஏண்ணா? மத்தவங்களோட நீயும் எழுந்து ஓடி வந்திருக்கக் கூடாதா? கோவம் கொஞ்சம் எறங்கினா எனக்கு அழுகைதான் வருது. அதனால கோவத்தை எறங்கவே விடறதில்ல.

இதையெல்லாம் நேத்து அந்தக் கம்பெனி ஆள்கிட்ட சொன்னேன். சிரிக்கிறான்! "அப்போ உத்தரவை மீறினார்னு ஆகுதேம்மா. அது இன்னும் பெரிய குத்தமாச்சே. யோசிச்சுப் பேசுங்க."

"ஆமாங்க, மீறினான். நல்லா எழுதிக்கங்க. அவன் மீறினதாலதான் உங்க கேப்டன் உயிரோட வந்து, அவன் மேலயே பழி சொல்லிட்டு உக்காந்திருக்காரு"ன்னேன். அவன் என்னை விட்டுட்டு அப்பா பக்கம் பேனாவை நீட்டினான்.

அப்பா கைய நீட்டிப் பேனாவை வாங்கினார். போன தடவையே, "போனவன் போயிட்டான், போட்டுத் தொலைச்சிடலாம்மா"ன்னவர்தானே. கையெழுத்துப் போட்டுடப் போறார்னே நெனச்சேன். அவர் பேனாவை மூடி அந்த ஆள் சட்டைப் பையில சொருகினார். "எம் புள்ள செஞ்சது சரிங்க. நீங்க கெளம்புங்க."

அம்மா அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டும் அப்பா மதியம் சாப்பிட வரல. மல்லாட்டைக் கொல்லையில, கடலைச் செடிங்களுக்கு நடுவுல போய் ரொம்ப நேரம் நின்னுட்டு வந்தார்.

வர்ற திங்கக்கிழமை மெட்ராஸ்ல விசாரணை. நானும் அப்பாவும் போறோம். வேலை போனாலும் போகட்டும், சாட்சி சொல்றேன்னு சமையல்காரரும் வர்றார். உன்னைக் காப்பாத்தறேன்னு நான் அங்க ஒரு பொய் சொல்ல மாட்டேண்ணா. உன் பேருக்கு நேரா "உத்தரவை மீறினான்"னு எழுதணும்னா தாராளமா எழுதட்டும். அதுக்கு அடுத்த வரியிலயே, "அதனால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்"னு எழுத வைக்காம நான் ஊருக்கு பஸ் ஏற மாட்டேன். இது உன் மேல சத்தியம்.

உன்னை யார்கிட்டயும் விட்டுக்குடுக்காத தங்கச்சி,
மல்லிகா