சுவரில் தொங்கிய எண்ணெய் வயல்

குசினிக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர் அலுமாரியை நகர்த்தினார். அதன் பின்னால் உங்கள் வரைபடம் விழுந்து கிடந்தது. முன்பு சுவரில் தொங்கியது. தூசி தட்டி விரித்தேன். மலைகளைச் சுற்றி மண்ணிறக் கோடுகள், எண்ணெய்க் கிணறுகளுக்குக் கறுப்புப் புள்ளிகள், மாட்டுப் பண்ணைகளின் முடிவில்லாத வேலிகள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இது இரண்டாவது குளிர்காலம்.

எழுபதுகளில், ஊரை விட்டு கிளென் வேவர்லிப் புறநகருக்கு நாங்கள் வந்த புதிதில், அந்த வறண்ட மலைகளில் எண்ணெய் தேடும் வேலை உங்களுக்கு. மாதத்தில் ஒரு கிழமைதான் வீட்டில் நிற்பீர்கள். அப்போதும் படத்தைக் கழற்றி நிலத்தில் விரித்துவிடுவீர்கள்.

"இஞ்ச பாரும், இந்தப் பள்ளத்தாக்கில ஒரு பண்ணை வீடு இருக்கு. அந்த மனுசன் தேத்தண்ணி தராமல் விடமாட்டார்."

நான் வெங்காயம் உரித்தபடி, "ஓம், ஓம்" என்பேன்.

ஒரு காலை உங்கள் முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. முதல்நாள் எண்ணெய்க் கிணற்றடிக்குப் புறப்பட்ட நீங்கள் போய்ச் சேரவில்லையாம். பெரிய பாதை முழுக்கத் தேடியாயிற்று என்றார் மேலாளர். படத்தைக் கழற்றி மேசையில் போட்டேன். தெரிந்த ஆங்கிலத்தில், நீங்கள் பண்ணைக்காரரைப் பார்க்கப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போயிருப்பீர்கள் என்றேன்.

"அங்கே பாதையே இல்லை, அம்மணி."

"படத்தில் புள்ளிக்கோடாக இருக்கிறது. போய்ப் பாருங்கள்!" என்று கத்தினேன். அதற்குமுன் நான் யாரையும் அப்படி அதட்டியதில்லை.

மத்தியானம் திரும்பவும் மணி அடித்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே, கவிழ்ந்த ஜீப்பின் நிழலில், கால் முறிந்து, தண்ணீர் தீர்ந்து, உயிரோடு கிடந்தீர்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் கண்டதும் நீங்கள் கேட்டது இதைத்தான்:

"நான் சொல்லேக்க நீர் ஒண்டும் கேக்கேல்லை எண்டெல்லோ நினைச்சனான்?"

"எல்லாம் கேட்டனான். பேசாமல் படுங்கோ."

சொல்லிவிட்டு, தாதி திரும்பிப் பார்க்குமளவுக்கு அழுதேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டே நித்திரையானீர்கள்.

பிறகு நகரத்திலேயே வேலை எடுத்தீர்கள். சற்றே நொண்டி நடந்தாலும் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வந்தீர்கள். எத்தனையோ வருடங்கள். எனக்கு அது போதும்.

இன்றும் பிள்ளைகள் காரை எடுக்கும்போது, "எந்தப் பாதையால போறியள்?" என்று கேட்கிறேன்.

"போன் காட்டும் அம்மா" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். பதில் சொல்லும்வரை கார்க் கதவை நான் விடுவதில்லை.