கொக்குக்கு ஒன்பது மார்க்

பிப்ரவரி 8, சனி

கடைசிக்கு முந்தின இடம். போன மாதம் கடைசி. ஆக, முன்னேற்றம்தான்.

புகைப்படச் சங்கத்தில் மாதாமாதம் நடக்கிற கூத்து இது. ஆளுக்கொரு படம் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிறோம். பெயர் கிடையாது, எண் மட்டும். பிறகு நாங்களே சுற்றிப் பார்த்து, சொந்தப் படத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறோம். வெளியாள் யாரும் நடுவர் இல்லை. அதுதான் எங்கள் சங்கத்தின் பெருமையாம், செயலாளர் சொல்லிச் சொல்லி அலுக்கமாட்டார்.

பெயர் இல்லாவிட்டால் என்ன? நீராவி தெரிந்தால் அது நான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் வேறு எதை எடுப்பாள்? இறக்கை தெரிந்தால் பறவைக்காரர். பல் டாக்டருக்குச் சூரியன் மறைய வேண்டும். செயலாளருக்குப் பழைய கதவு. இந்த அழகில் எண் எதற்கு, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரலாமே.

இன்றைய என் படத்தில் இஸ்திரி அக்கா இருக்கிறாள். உருளை இஸ்திரி இயந்திரம் துப்புகிற படுக்கை விரிப்பைப் பிடித்து இழுக்கிறாள். பாதி முகம் ஆவிக்குள். மீதிப் பாதியில் ஒரு சிரிப்பு, யாரையோ நன்றாகத் திட்டி முடித்த திருப்தி அதில். அந்தச் சிரிப்புக்காக நான் எவ்வளவு காத்துக் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். டாக்டர் அதன் முன்னால் நின்று, "மறுபடியும் துணியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அழுக்கு மூட்டைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போதே இஸ்திரி அக்கா பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, நம்ம மூஞ்சி எப்போ சுவத்துல ஏறும்?"

"ஏறும்க்கா. இப்பத்தானே வருஷம் ஆரம்பிச்சிருக்கு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆண்டு முழுக்க வாங்கின மார்க்கில் ரொம்ப மட்டமான இரண்டு மாதத்தைத் தள்ளிவிட்டு, மீதியைக் கூட்டி, முதலில் வருகிறவருக்கு டிசம்பரில் நூலகத்தின் முன்கூடத்தில் ஒரு சுவரையே கொடுக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு அது அவர் சுவர். அது கிடைத்தால் உங்கள் எல்லோரையும் அதில் மாட்டுவேன் என்று போன வருஷம் இவர்களிடம் உளறி வைத்தேன். அன்றிலிருந்து விடமாட்டேன் என்கிறார்கள். நாங்கள் இருப்பது நிலவறை. எங்கள் விரிப்பில் படுத்தவர்கள் ஆயிரம் பேர், எங்கள் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. "டாக்டருங்க போட்டோ வாசல்ல தொங்குது, நர்ஸுங்க போட்டோ காலண்டர்ல வருது. நம்ம மூஞ்சி என்ன அவ்வளவு மட்டமா?" என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்ல வந்த ஆர்வக்கோளாறு அது.

இந்த வருஷக் கடைசியில் அக்காவுக்கு வேலை முடிகிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சொல்ல வழியில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பால் வாங்கப் போனபோது பல் டாக்டரின் வேன் போனது. உள்ளே சங்கத்தில் பாதிப் பேர். பறவைக்காரர் முன் சீட்டில். ஞாயிறுதோறும் ஏரிக்குப் போகிறார்கள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கிறார்கள், எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். மார்க் போடும் சனிக்கிழமை எண் ஏழு யாருடையது என்று வேனில் போன அத்தனை பேருக்கும் தெரியும். நீ எனக்கு எட்டு, நான் உனக்கு எட்டு. வேனில் இடம் இல்லாதவர்களுக்கு மூன்று.

வீட்டுக்காரரிடம் பொருமித் தீர்த்தேன். ரொட்டி லாரியை ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், "நீயும் வேன்ல போயேன்" என்றார்.

"கூப்பிட்டாத்தானே?"

"ஒருவேளை உன் படம் நிஜமாவே சுமாரோ என்னவோ."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதுதானே விஷயம்? சுமாரா, இல்லையா? எனக்கே தெரியவில்லை. நேர்மையாகப் போட்ட மூன்று என்றால் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். இந்த மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குப் போட்டதா, படத்துக்குப் போட்டதா, யாரைப் போய்க் கேட்பேன்?

மார்ச் 6

சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்கக் கழிவுநீர் வாய்க்காலில் ஒரு கொக்கு. சோப்பு நுரைக்கு நடுவே, யாரோ கடன் கேட்டு வந்தவனைப் போல ஒதுங்கி நின்றது. எடுத்தேன். வீம்புக்கு இதையே சனிக்கிழமை மாட்டப்போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

எங்கே ஆரம்பிப்பது?

என் கொக்கை மாட்டிவிட்டுச் சுற்றி வந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு படம். கெட்டில் மூடியைத் தூக்குகிற ஒரு பெண்ணின் கை, கிளம்புகிற ஆவி, ஆவிக்குள் ஒற்றைக் கண். அவ்வளவுதான். நான் இத்தனை வருஷமாக எடுக்கப் பார்த்த படம் அது. யாரோ அலட்டிக்கொள்ளாமல் எடுத்து மாட்டிவிட்டார்கள். ஆவி என் இடம் இல்லையா? அங்கே வந்து காலை நீட்டிப் படுக்க இது யார்?

அதற்கு மூன்று போட்டேன்.

கை ஒன்பது போடத்தான் போனது. மூன்று போட்டேன். இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

முடிவு வந்தது. கொக்கு முதலிடம். ஏறக்குறைய எல்லோருமே ஒன்பது. செயலாளர் சீட்டைப் பார்க்காமலே, "வேற யாரு, நம்ம பறவைக்காரர்தான், வாங்க வாங்க" என்று கை தட்டினார். பிறகு சீட்டைப் பார்த்தார். தட்டின கை அப்படியே நின்றது. கடைசி இடம் கெட்டில் படத்துக்கு. அதுதான் பறவைக்காரருடையது. வீட்டில், காலையில், அவர் மனைவியை எடுத்திருக்கிறார்.

எனக்கென்று வைத்திருந்த மூன்றெல்லாம் அவர் தலையில் போய் விழுந்திருக்கிறது. அவருக்கென்று வைத்திருந்த ஒன்பது என் மடியில்.

அட, இப்போதாவது வெட்கப்படுவார்கள் என்று பார்த்தேன். டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னங்க இது, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு எங்களை ஏமாத்துறீங்களா?" என்றார். ஏமாந்தது அவர்களாம்! பறவைக்காரர் தன் படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றினார். ஒட்டுநாடா ஒட்டவே மாட்டேன் என்றது.

மார்ச் 9, ஞாயிறு

பறவைக்காரர் போன் செய்தார். இதுவரை செய்ததே இல்லை.

"தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் படம் நல்லா இருந்துச்சா, இல்லையா? வேன்ல வர்றவங்க யார்கிட்டயும் கேக்க முடியல. உங்களுக்குத்தான் இந்த ஆவி விஷயமெல்லாம் தெரியும். நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"ஒன்பது சார்."

"ரொம்ப நன்றிம்மா. நீங்க ஒருத்தராவது படத்தைப் பாத்திருக்கீங்க" என்றார்.

சீ.

ஏப்ரல் 12, சனி

போன மாதத்துச் சண்டையை யாரும் பேசவில்லை. நடக்கவே இல்லாத மாதிரி. பறவைக்காரர் மறுபடி மனைவியின் படம். கடைசி. நான் மறுபடி கொக்கு. இரண்டாமிடம். டாக்டர் வலிய வந்து பேசினார். "இவ்வளவு நல்லா எடுக்குறீங்க, இதையெல்லாம் முன்னாடியே காட்டியிருக்கலாமே. ஞாயித்துக்கிழமை வேன்ல ஒரு இடம் இருக்கு, வர்றீங்களா?"

யாருடைய இடம் என்று கேட்கவில்லை. தெரியும்.

யோசித்துப் பார்த்தால், சுவர் கிடைத்தால் போதும். எதை வைத்து வாங்கினால் என்ன? பறவையைக் காட்டி வாங்கிவிட்டு அக்காவை மாட்டிவிட வேண்டியதுதான். எனக்கு வேண்டியது சுவர்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். ஏரி அழகாகத்தான் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

பொதுக்குழு. பறவைக்காரர் எழுந்து நின்றார். நாமே நமக்கு மார்க் போடுவதை நிறுத்துவோம், நம்மில் யாரையும் தெரியாத ஒருவரை வெளியூரிலிருந்து கூப்பிட்டுப் போடச் சொல்வோம் என்றார். தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார், ஆனால் பார்க்காமலே பேசினார்.

"நான் இத்தனை வருஷம் வாங்கின ஒன்பதும் எனக்குப் போட்டதுதான், படத்துக்கு இல்ல. அது தெரிஞ்சப்புறம் வீட்டுல இருக்கற கோப்பையைப் பாக்கவே முடியல. உங்களுக்கு மட்டும் எப்படிங்க தூக்கம் வருது?"

செயலாளர், "சரி, கை தூக்குவோம்" என்றார். மார்க் போடும் முறையை மாற்றலாமா என்பதற்கும் எங்களுடைய ஓட்டுத்தான்! சிரிப்பு வந்தது.

பறவைக்காரர் கை மட்டும் உயர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததே என்னை மட்டும்தான். இன்றைய நிலவரப்படி கூட்டல் கணக்கில் நான் முதலிடம். வெளியாள் வந்தால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், அக்காவுக்கு டிசம்பர் வரைதான் வேலை— இதெல்லாம் உண்மைதானே? உண்மைதான். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 20

முன் சீட்டு இப்போது எனக்கு.

செப்டம்பர் 15, திங்கள்

"என்னம்மா, நம்மளை இப்பல்லாம் எடுக்கறதே இல்லையே? மூஞ்சி அலுத்துப் போச்சா?" என்றாள் இஸ்திரி அக்கா.

"பழசே நெறைய இருக்குக்கா. சுவர் நமக்குத்தான். நிச்சயம்."

மூட்டை பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் கை தட்டினார்கள். அக்கா மகளுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 8, சனி

ஜெயித்துவிட்டேன். ஆண்டு முதலிடம். சுவர் எனக்கு.

அடுத்த நிமிஷமே செயலாளர் விதியைச் சொன்னார். சுவரில் மாட்டுவது, இந்த ஆண்டு போட்டியில் ஏழுக்கு மேல் சராசரி வாங்கின படங்கள் மட்டும். தரம் கெட்டுவிடக் கூடாதாம். என் சலவைக்கூடப் படங்கள் எதுவும் மூன்றைத் தாண்டியதில்லை.

"சார், அது வேனுக்கு முன்னாடி போட்ட மார்க்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"என்ன வேன்?" என்றார். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். உங்களுக்கு மட்டும் மாத்தினா அது நியாயமா, சொல்லுங்க?"

சுவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அது காதுக்கு இதமாக இருந்தது என்பதுதான் கேவலம்.

நவம்பர் 24

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 5

சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

அவர்கள் வந்தார்கள். இருக்கிறதிலேயே நல்ல உடுப்பு. அக்கா மகளையும் அழைத்து வந்திருந்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, நிலவறையில் நான் பார்க்கவே பார்க்காத ஒரு அக்கா.

சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நடந்தார்கள். கொக்கு. நாரை. பறக்கிற நாரை. கோடிக்குப் போனதும் அடுத்த சுவரையும் எட்டிப் பார்த்தார்கள். அங்கே நூலக நேரம் எழுதின பலகைதான் இருந்தது. திரும்பி இன்னொரு முறை நடந்தார்கள். மகள், "அம்மா, நீ எங்கம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"இரு, அவசரப்படாதே" என்றாள் அக்கா.

நான் போய்ச் சொன்னேன். விதி, ஏழு, சராசரி என்று என்னென்னவோ. அக்கா கவனமாகத் தலையாட்டிக் கேட்டாள். "அதனாலென்னம்மா. கொக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கோபிக்கவில்லை. "வந்தது வந்தோம், இந்தச் சுவரு முன்னாடி எங்களை நிக்க வெச்சு ஒண்ணு எடு" என்று எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள்.

நான் கேமராவை எடுத்தேன். அதற்குள் டாக்டர் நான்கைந்து விருந்தாளிகளோடு வந்துவிட்டார். செயலாளர் பின்னாலேயே வந்து, "அம்மா, கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க, படம் மறைக்குது" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க" என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போனேன். கேமராவையும் எடுத்துப் போனேன். அக்காவின் கடைசி நாட்கள், நாலு படமாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல ஆவி. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும், அக்கா கையிலிருந்த விரிப்போடு ஓரமாக நகர்ந்து நின்றாள்.